விசை பழக, தோட்டா தேவையில்லை

பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் 10 புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுள்ள அந்த வட்டத்தை, ஒரே கையை நீட்டி 75 நிமிடங்களுக்குள் 60 முறை குறிவைக்க வேண்டும்.

இணைப்பாட நடவடிக்கையாகக் குறிசுடுதலில் சேரும் மாணவர்களைச் சில மாதங்களில் ஒரு கவலை பிடித்துக்கொள்வதுண்டு. கை ஆடுகிறதே, இந்த விளையாட்டு நமக்குச் சரிவராதோ என்பதே அது. அந்த முடிவுக்கு வருமுன் விரலைக் கவனிப்பது நல்லது.

கையா, விரலா?

நீட்டிய கை எல்லாருக்கும் ஆடும். ஒலிம்பிக் வீரர்களும் விலக்கல்லர். முன்குறியும் பின்குறியும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்வரை, கை ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் ஏறத்தாழ அவ்வளவுதான் விலகும்.

விசையை வெடுக்கென்று இழுத்தால் கதை வேறு. மணிக்கட்டு திரும்பி, குழலின் நுனி சாய்ந்துவிடும். இரு குறிகளுக்கும் இடையே 33 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். முன்குறி ஒரு மில்லிமீட்டர் தவறினாலே குண்டு சுமார் 30 மில்லிமீட்டர் விலகும். 10 புள்ளி 7 ஆகிவிடும்.

உண்மையாகச் சுடும்போது இந்தப் பிழை கண்ணில் படுவது கடினம். சத்தமும் அதிர்வும் அதை மறைத்துவிடும். கவனமும் உடனே புள்ளியை நோக்கி ஓடிவிடும். குண்டில்லாமல் விசையை மட்டும் இயக்கிப் பழகும் ‘டிரை ஃபயர்’ பயிற்சியில் மறைக்க எதுவும் இல்லை. போட்டிக்கான காற்றுக் கைத்துப்பாக்கிகள் பலவற்றில், காற்று வெளியேறாமல் விசை மட்டும் இயங்குவதற்கான அமைப்பு உண்டு.

பழகும் முறை

1. துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதைப் பயிற்றுவிப்பாளருடன் சேர்ந்து இருமுறை உறுதிசெய்யுங்கள். குழல் எப்போதும் இலக்குத் திசையையே நோக்கட்டும்.

2. இலக்குக்குப் பதிலாக வெறும் வெள்ளை அட்டையைக் குறிவையுங்கள். புள்ளி பற்றிய நினைப்பு அகலும். கண் முன்குறியில் நிலைக்கும்.

3. விரலின் முதல் கணுவிலுள்ள சதைப்பகுதியை விசையில் வைத்து, நேர் பின்னோக்கி மெல்ல அழுத்துங்கள். அனைத்துலக விதிப்படி இந்த விசையின் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். அந்த அழுத்தம் சிறிது சிறிதாகக் கூடட்டும்.

4. ‘டிக்’ ஒலி கேட்டபின் இரண்டு விநாடி அப்படியே நில்லுங்கள். முன்குறி அசைந்ததா, எந்தப் பக்கம் அசைந்தது என்று பாருங்கள். பயிற்சியின் பயன் முழுவதும் இந்த இரண்டு விநாடியில் இருக்கிறது.

5. பத்து விநாடிக்குள் விசை விடுபடவில்லை என்றால் கையை இறக்கி, மூச்சுவிட்டு, மீண்டும் தொடங்குங்கள்.

முன்குறி அசையாமல் 20 முறை வந்தால் போதும். களைத்த கையோடு நூறு முறை செய்தால் தவறுதான் பழகும்.

அடுத்த கட்டமாக, பயிற்றுவிப்பாளர் சிலமுறை குண்டு போட்டும் சிலமுறை போடாமலும் துப்பாக்கியைத் தரலாம். குண்டில்லாத முறையில் குழல் துள்ளினால், சுடுமுன்பே உடல் அதிர்வை எதிர்பார்க்கிறது என்று பொருள்.

25 மீட்டர் போட்டிக்கான 0.22 துப்பாக்கிகளை வெற்றாக இயக்கினால் சிலவற்றின் ஊசி சேதமடையலாம். பயிற்றுவிப்பாளரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கியும் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே இந்தப் பயிற்சிக்கு உரிய இடம் சுடுதளம் மட்டுமே. வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் நீட்டிப் பிடித்துத் தோளுக்கு வலுச் சேர்க்கலாம்.

அனைத்துலகப் போட்டிகளில், ஆட்டம் தொடங்குமுன் தரப்படும் 15 நிமிட ஆயத்த நேரத்திலும் குண்டின்றி விசையை இயக்கிப் பார்க்க அனுமதி உண்டு. தொடக்கநிலை மாணவரின் பாடம், கைதேர்ந்தவர்களுக்கும் கடைசி நிமிடம்வரை பயன்படுகிறது.