கிரீன் என்றொரு டச்சுக்காரர்

தென் அட்லாண்டிக்கின் நடுவே, மிக அருகிலுள்ள மனிதக் குடியிருப்பான செயின்ட் ஹெலினாவுக்கே 2,400 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிறது டிரிஸ்டன் டா குன்யா. இருநூற்றுச் சொச்சம் பேர் வாழும் இத்தீவின் பழைய குடும்பப்பெயர்கள் ஏழு: கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ரோஜர்ஸ், ஹேகன், ரெபெட்டோ, லவரெல்லோ. இவ்வளவு சிறிய, ஒதுங்கிய ஊரில் பெயரைக் கேட்டாலே பூர்வீகம் தெரிந்துவிடும் என்று தோன்றும். கிரீன் குடும்பமோ அந்த நினைப்பைப் பொய்யாக்குகிறது. பிரிட்டிஷ் தீவில் ஆங்கிலப் பெயர். ஆனால் அதைக் கொண்டுவந்தவர் நெதர்லாந்தின் கடலோர ஊரான காட்வெய்க்கில் பிறந்த பீட்டர் க்ரூன். 1836-இல் எமிலி என்ற கப்பல் உடைந்து கரையேறிய இந்த மாலுமி, அங்கேயே மணம் முடித்து பீட்டர் கிரீன் ஆனார். தீவின் குடியேற்றத்தைத் தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கிளாஸ் 1853-இல் இறந்தபின், பிற்காலத்தில் ஊருக்கு மூத்தவராக நின்றவரும் இவரே. விக்டோரியா அரசியார் தம் படத்தையே இவருக்கு அனுப்பிவைத்தார்.

ஆங்கிலம் பேசும் ஊரில் வந்தேறியின் பெயர் ஆங்கிலமாவது இயல்புதானே, அதில் என்ன புதிர் என்று கேட்கலாம். அதுதான் விதியென்றால் ரெபெட்டோவும் லவரெல்லோவும் எப்படித் தப்பின? 1892-இல் இத்தாலியா என்ற கப்பல் இங்கே கரைதட்டியபோது, கமோலி ஊர் மாலுமிகள் இருவர் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் இன்றுவரை இத்தாலியப் பெயர்களாகவே வழங்குகின்றன. க்ரூனுக்கு ஈடான ஆங்கிலச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ரெபெட்டோவுக்கு அப்படி எதுவும் இல்லை. வேறுபாட்டுக்கு இதற்குமேல் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் கணிப்பு.

பெயர் எந்த நாட்டைக் காட்டினாலும் தந்தைவழியையாவது பிசகாமல் காட்டுமே என்பது இன்னும் வலுவான வாதம். தகப்பனிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வு அதையும் அசைத்துவிட்டது. எந்த ஏட்டிலும் பதிவாகாத, கிழக்கு ஐரோப்பியராகக் கருதத்தக்க ஒருவரின் மரபும் இத்தீவில் இருக்கிறது. ஏழு பெயர்களில் ஒன்றுக்குள் அவர் ஓசையின்றிக் கலந்திருக்கிறார்.

தாய்வழிக்கோ பெயரில் இடமே கிடையாது. 1827-இல் மணமகள்களாகச் செயின்ட் ஹெலினாவிலிருந்து பெண்கள் அழைத்துவரப்பட்டார்கள். அவர்கள் பிறந்த வீட்டுப் பெயர் ஒன்றுகூட இந்த ஏழில் இல்லை. இத்தாலிய மாலுமி ரெபெட்டோ மணந்ததும் ஒரு கிரீன் வீட்டுப் பெண்ணைத்தான். ஆகவே அவர்கள் வழிவந்த ரெபெட்டோக்களுக்கு காட்வெய்க்கும் பூர்வீக ஊர்தான்.