கோழிக்குஞ்சுக்குச் சூடு: கரிச்சட்டி முதல் கேஸ் புரூடர் வரை

வேலூர், ஆம்பூர் என்றாலே தோல் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். கால்நடை வரலாற்றிலும் இந்தப் பகுதிக்கு இடம் உண்டு. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் ராணிப்பேட்டையில் 1932-ல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தொடங்கப்பட்டது. ஆனால் தடுப்பூசி நோயைத்தான் தடுக்கும், குளிரைத் தடுக்காது.

முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைக்கலாம். தாய்க்கோழியின் சிறகு தந்த இந்தச் சூட்டைப் பண்ணைகளில் கரிச்சட்டி தந்தது. மூடிய கொட்டகையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமே இல்லாத அந்த வாயு குஞ்சையும் கொல்லும், காவலுக்குப் படுத்திருப்பவரையும் கொல்லும். மின்விளக்கில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் இரவில் கரண்ட் போனால் குஞ்சுகள் சூடு தேடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும்.

1965-ல் இண்டேன் அறிமுகமாகி, சிலிண்டர் ஊர் ஊராகப் பரவிய பிறகு கேஸ் புரூடருக்கும் வழி பிறந்தது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் குஞ்சுகள் இருக்கும் தரையில்தான் தேங்கும். ஆகவே புரூடரைச் சங்கிலியில் உறுதியாகத் தொங்கவிட வேண்டும். தரையில் பரப்பிய உமிக்கு எட்டாத உயரம் முக்கியம். ஒவ்வொரு பேட்ச்சுக்கு முன்பும் பர்னரில் படிந்த தூசியைத் துடைத்து, குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டகையில் காற்றோட்டமும் அவசியம்.

சூடு சரியா என்பதைக் குஞ்சுகளே சொல்லிவிடும். அடியில் குவிந்தால் குளிர், விலகி ஓடினால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் எல்லாம் நலம்.