மிஷன் இம்பாசிபிள் கடைசி படம்: ஒருத்தருக்கு கண்ணீர், இன்னொருத்தருக்கு கொட்டாவி... ஏன் இப்படி?

ஒரே தியேட்டர், ஒரே ஷோ, பக்கத்து பக்கத்து சீட். படம் முடிந்து வெளியே வரும்போது ஒருவர் "செம படம்ப்பா, கண்ணு கலங்கிடுச்சு" என்பார். இன்னொருவர் "முதல் ஒரு மணி நேரம் ஒரே பேச்சு, தாங்கல" என்பார். 2025 மே மாதம் வெளியான 'மிஷன்: இம்பாசிபிள் - தி ஃபைனல் ரெக்கனிங்' படத்துக்கு கிடைத்த வரவேற்பை இந்த இரண்டு வரியில் அடக்கிவிடலாம்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒரே படம் எப்படி இரண்டு பேருக்கு இரண்டு படமாகிறது? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் தமிழ் டப்பிங்கில் ஹாலிவுட் படம் பார்க்கும் ரசிகர்கள் இதில் எந்தப் பக்கம்? விரிவாகப் பார்க்கலாம்.

(கவனிக்க: படத்தின் முக்கிய திருப்பங்களும் கிளைமாக்ஸும் இந்தக் கட்டுரையில் உள்ளன.)

29 ஆண்டு, 8 படம், ஒரே ஹீரோ

1966 முதல் 1973 வரை அமெரிக்க டிவியில் ஓடிய தொடர்தான் 'மிஷன்: இம்பாசிபிள்'. அதை 1996ல் சினிமாவாக்கினார் இயக்குநர் பிரையன் டி பால்மா. ஈதன் ஹன்ட் என்ற ரகசிய ஏஜென்ட்டாக டாம் க்ரூஸ் நடித்தார். அப்போது அவருக்கு வயது 33. எட்டாவது படம் வரும்போது வயது 62.

நடுவில் 2000, 2006, 2011, 2015, 2018, 2023 என ஆறு படங்கள். 2011ல் வந்த 'கோஸ்ட் புரோட்டோகால்' படத்தில் துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டிடத்தின் வெளிச்சுவரில் டாம் க்ரூஸ் ஏறியது நினைவிருக்கலாம். அதன் உயரம் 828 மீட்டர். 192 அடி உயர ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தை 14 முறை அடுக்கினால் வரும் உயரம். அதே படத்தில் நம்ம ஊர் அனில் கபூரும் நடித்திருந்தார்.

எட்டாவது படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'டெட் ரெக்கனிங் பார்ட் டூ'. 2023 ஹாலிவுட் ஸ்டிரைக்கால் வேலை தள்ளிப்போனது. பிறகு பெயரும் மாறி, 'ஃபைனல்' என்ற வார்த்தை சேர்ந்தது. அந்த ஒரு வார்த்தைதான் ரசிகர்களின் எதிர்பார்ப்பையே மாற்றியது. இன்னொரு ஆக்‌ஷன் படம் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு போய், வழியனுப்பப் போகிறோம் என்ற நினைப்பு வந்தது.

இந்தியாவில்தான் முதலில்

அமெரிக்காவில் இந்தப் படம் மே 23ஆம் தேதி ரிலீஸ். இந்தியாவில் அதற்கு ஆறு நாள் முன்னாடியே, மே 17 சனிக்கிழமை வந்துவிட்டது. ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்கு, இந்தி டப்பிங்கும் அன்றே வெளியானது. அதனால் இந்திய ரசிகர்களின் கருத்து அமெரிக்க ரசிகர்களுக்கு முன்பே வந்தது.

முதல் நாள் வசூல் இந்தியாவில் சுமார் 16 கோடி ரூபாய் என வர்த்தக வட்டாரங்கள் கணக்கு சொல்லின. 2025ல் அதுவரை இங்கே வந்த ஹாலிவுட் படங்களில் அதுதான் பெரிய ஓப்பனிங்.

தமிழ்நாட்டில் அந்த வாரம் போட்டியும் கடுமை. சூரியின் 'மாமன்', சந்தானத்தின் 'டிடி நெக்ஸ்ட் லெவல்' இரண்டும் மே 16ல் வந்தன. மே 1ல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரீன் குறைவாக உள்ள ஊர்களில் இப்படி ஒரே வாரம் பல படங்கள் வந்தால் ஹாலிவுட் படத்துக்கு கிடைக்கும் காட்சிகளும் நாட்களும் குறைவுதான்.

மார்க் ஷீட் என்ன சொல்கிறது?

ரசிகர்களின் ரியாக்‌ஷனை அளக்க இரண்டு அளவுகோல்களை அதிகம் சொல்வார்கள்.

• சினிமாஸ்கோர்: முதல் நாள் படம் பார்த்தவர்களிடம் தியேட்டரிலேயே மதிப்பெண் வாங்குவது. இதில் இந்தப் படத்துக்கு கிடைத்தது 'ஏ மைனஸ்'. நல்ல மார்க்தான்.

• ராட்டன் டொமேட்டோஸ்: எத்தனை சதவீத விமர்சகர்கள் பாராட்டினார்கள் என்ற கணக்கு. இதில் சுமார் 80 சதவீதம். ஆறாவது படமான 'ஃபால்அவுட்' 97, ஏழாவது படம் 96 வாங்கியிருந்தன. அதோடு பார்த்தால் இது சறுக்கல்.

வசூலும் இப்படித்தான். அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் சுமார் 6.4 கோடி டாலர். இந்த வரிசையிலேயே இதுதான் பெரிய ஓப்பனிங். ஆனால் உலக அளவில் மொத்தம் 60 கோடி டாலருக்கு சற்று குறைவாகவே நின்றது. 2018ல் 'ஃபால்அவுட்' 79 கோடி டாலருக்கு மேல் எடுத்திருந்தது. புதுப் படத்தின் தயாரிப்புச் செலவே 30 முதல் 40 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன.

இதில் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். சினிமாஸ்கோர் வட அமெரிக்க தியேட்டர்களில் மட்டும் எடுக்கப்படுவது. ராட்டன் டொமேட்டோஸ் பெரும்பாலும் ஆங்கில விமர்சனங்களை வைத்து. தமிழ் டப்பிங்கில் பார்த்த ஒருவரின் கருத்து இந்த இரண்டு மார்க்கிலும் இல்லை.

'இழுவை' என்றவர்கள் சொல்வது என்ன?

படத்தின் நீளம் கிட்டத்தட்ட 2 மணி 50 நிமிடம். பலரும் சொன்ன குறை, முதல் ஒரு மணி நேரம்.

கதை இதுதான். 'என்டிட்டி' என்ற ஏஐ உலக நாடுகளின் அணு ஆயுதங்களை ஒவ்வொன்றாக கைப்பற்றுகிறது. அதன் மூல நிரல் கடலுக்கடியில் மூழ்கிய ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலில் இருக்கிறது. அதை எடுத்து, லூதர் எழுதிய ஒரு வைரஸோடு சேர்த்தால்தான் என்டிட்டியை அடக்க முடியும்.

இதை விளக்க கதாபாத்திரங்கள் மாறி மாறிப் பேசுகிறார்கள். நடுநடுவே பழைய படங்களின் காட்சிகள் வந்து போகின்றன. "இது மிஷன் படமா, பழைய படங்களோட ரீகேப்பா?" என்ற கேள்வி அதனால்தான். எல்லாரும் ஈதனைப் பற்றி 'உன்னால்தான் உலகம் பிழைக்கும்' என்கிற தொனியில் பேசிக்கொண்டே இருப்பதும் சிலருக்கு ஓவராகப் பட்டது. முந்தைய படங்களில் இருந்த கிண்டலும் கேலியும் இதில் குறைவு.

'கண் கலங்கிடுச்சு' என்றவர்கள் சொல்வது என்ன?

இவர்களுக்கு முக்கியமான பெயர் லூதர். விங் ரேம்ஸ் நடித்த இந்தக் கதாபாத்திரம்தான் ஈதனைத் தவிர எட்டுப் படத்திலும் வரும் ஒரே ஆள். கடைசி படத்தில் லண்டனை காப்பாற்ற வெடிகுண்டு பக்கத்திலேயே இருந்து லூதர் உயிரை விடுகிறார். 1996லிருந்து பார்த்து வருபவருக்கு அது 29 வருஷ நண்பனின் சாவு. புதிதாகப் பார்ப்பவருக்கு, அரை மணி நேரத்துக்கு முன் அறிமுகமான ஒருவரின் சாவு.

இன்னொருவர் வில்லியம் டன்லோ. முதல் படத்தில் டாம் க்ரூஸ் கயிற்றில் தொங்கியபடி சி.ஐ.ஏ. அறைக்குள் திருடும் காட்சியில், அந்த அறையில் வேலை பார்த்த அப்பாவி ஊழியர் இவர். அந்தத் திருட்டால் அவரைத் தூக்கி பனிப் பிரதேசத்துக்கு மாற்றிவிடுவார்கள். அது அப்போது ஒரு சின்ன ஜோக். 29 வருஷம் கழித்து அதே நடிகர் ரோல்ஃப் சாக்ஸன் திரும்ப வருகிறார். ஹீரோ ஜெயித்தபோது வாழ்க்கை திசைமாறிப் போன ஒரு சாதாரண மனிதனுக்கு கதையில் கடைசியாக ஓர் இடம் கிடைக்கிறது. பழைய ரசிகர்கள் அதிகம் கொண்டாடிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

பேச்சே இல்லாத இடத்தில் சண்டையும் இல்லை

இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஈதன் தனியாக இறங்கும் நீண்ட காட்சி. கிட்டத்தட்ட வசனமே இல்லை. கப்பல் உருள, உள்ளே கிடக்கும் டார்பிடோக்கள் சரிய, தண்ணீர் ஏறும். இன்னொன்று, தென்னாப்பிரிக்க மலைப் பள்ளத்தாக்குகளுக்கு மேல் பறக்கும் பழைய இரட்டை இறக்கை விமானத்தில் டாம் க்ரூஸ் தொங்கும் கிளைமாக்ஸ். எரியும் பாராசூட்டில் 16 முறை குதித்ததற்காக கின்னஸ் சாதனையும் அவருக்குக் கிடைத்தது.

குறை சொன்னவர்கள்கூட "கடைசி அரை மணி நேரம் சீட் நுனியில உட்கார வெச்சுட்டாங்க" என்று ஒத்துக்கொண்டது இதனால்தான்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரசிகருக்கு என்ன வித்தியாசம்?

இங்கே மூன்று விஷயங்கள் முக்கியம்.

1. எந்த வரிசையில் பார்த்தோம்? சிறு நகரங்களில் பலருக்கு ஹாலிவுட் தொடர் படங்கள் அறிமுகமானது டிவியில், தமிழ் டப்பிங்கில், வரிசை மாறி. நாலாவது படத்தை முதலில் பார்த்திருப்பார்கள். முதல் படத்தை பார்த்தே இருக்க மாட்டார்கள். தனித்தனி கதை என்பதால் இதுவரை அது பிரச்சினை இல்லை. கடைசி படம் மட்டும் முழு வரிசையும் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. டன்லோ வரும்போது ஒருவர் கைதட்டுவதும் பக்கத்து சீட்காரர் "யாரு இவரு?" என்று கேட்பதும் இதனால்தான்.

2. எந்தத் திரை? இந்தப் படத்தை ஐமேக்ஸில் பார்க்கச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். இங்கிருந்து ஐமேக்ஸ் என்றால் கோவை, சென்னை, திருவனந்தபுரம் என்று வெளியூர்தான் போகணும். பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி பயணம் செய்து போய் பார்க்கும் செலவில் ஒரு குடும்பமே உள்ளூரில் பல படம் பார்த்துவிடலாம். திரை சின்னதாகும்போது விமானக் காட்சியின் பிரமாண்டம் குறையும். ஆனால் வசனக் காட்சிகளின் நீளம் குறையாது.

3. எந்தக் குரல்? தமிழ் ரசிகருக்கு ஹீரோ என்றால் முகம் மட்டுமில்ல, குரலும்தான். 2019ல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழ் டப்பிங்கில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தபோது நடந்ததை மறக்க முடியாது. பெரிய நடிகர்தான். ஆனாலும் "பழைய குரலையே கொடுங்க" என்று ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். பழகிய ஹீரோவை வழியனுப்பும் நேரத்தில் பழகாத குரல் கேட்டால் ஒட்டாது. அதே சமயம், வசனம் அதிகமான படத்தில் சப்டைட்டிலை துரத்தாமல் கதையைப் பின்தொடர டப்பிங் பெரிய உதவி என்பதையும் சொல்ல வேண்டும்.

மற்ற கடைசி படங்களுக்கு என்ன நடந்தது?

• ஹாரி பாட்டர் (2011): கடைசி பாகம்தான் அந்த வரிசையிலேயே அதிக வசூல். புத்தகம் படித்தவர்களுக்கு முடிவு முன்பே தெரியும், ஆனாலும் வந்தார்கள்.

• ஜேம்ஸ் பாண்ட், 'நோ டைம் டு டை' (2021): டேனியல் கிரெய்க்கின் கடைசி படம். பாண்ட் செத்துப்போவதை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு.

• இந்தியானா ஜோன்ஸ் (2023): 80 வயதில் ஹாரிசன் ஃபோர்டு திரும்பி வந்தார். சுமார் 38 கோடி டாலர் வசூல், செலவோ கிட்டத்தட்ட 30 கோடி. தியேட்டர்களின் பங்கு போனால் நஷ்டம்தான்.

கடைசி படம் என்றால் எல்லாரும் கண்டிப்பாக வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய ரசிகரும் நடுவில் சேர்ந்தவரும் வேறு வேறு விஷயத்துக்காக வருகிறார்கள். இருவரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்துவதுதான் கஷ்டம்.

இனிமேல் பார்ப்பவர்கள் என்ன செய்யலாம்?

எட்டையும் பார்க்க நேரமில்லை என்றால் மூன்று போதும்.

• முதல் படம் (1996): டன்லோ யார் என்று புரியும். வில்லன் ஜிம் ஃபெல்ப்ஸின் மகன் கடைசி படத்தில் வருவதும் புரியும்.

• மூன்றாவது படம் (2006): 'ராபிட்ஸ் ஃபுட்' என்ற மர்மப் பொருளுக்கு கடைசி படத்தில்தான் விடை.

• ஏழாவது படம் (2023): இது கட்டாயம். என்டிட்டி கதை தொடங்குவதே இங்கேதான்.

உண்மையிலேயே இதுதான் கடைசியா?

படத்தில் ஈதன் சாகவில்லை. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் டீம் கூடுகிறது. யாரும் எதுவும் பேசவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து தலையசைத்துவிட்டு கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள். "அவ்வளவுதானா?" என்று கேட்டவர்களும் உண்டு, "இதைவிட எப்படி முடிக்கிறது?" என்றவர்களும் உண்டு.

நியூயார்க் பிரீமியரில் பேசிய டாம் க்ரூஸ், 'ஃபைனல்' என்று சும்மா பெயர் வைக்கவில்லை என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். ஆனால் ஹாலிவுட்டில் இந்த வார்த்தைக்கு கேரண்டி கிடையாது. 1989ல் 'லாஸ்ட் குரூசேட்' என்று பெயர் வைத்த இந்தியானா ஜோன்ஸ் அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தார்.

ஒன்று மட்டும் திரும்பி வராது. இந்தத் தொடரின் பெயரைச் சொன்னாலே காதில் ஒலிக்கும் தீம் இசையை 1966ல் உருவாக்கிய லாலோ ஷிஃப்ரின், படம் வந்து ஒரு மாதம் கழித்து, 2025 ஜூன் 26ல் 93 வயதில் காலமானார். டப்பிங்கில் பார்த்தாலும், ஐமேக்ஸில் பார்த்தாலும், டிவியில் பாதியிலிருந்து பார்த்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்டது அந்த இசை மட்டும்தான்.