டிரங்குப் பெட்டியில் இருந்த அனுமார்



போன தீபாவளிக்கு முன்னாடி ஆலயத் தொண்டர்கள் நாங்கள் நம்ம செர்டாங் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர் வீடு. அவர் காலமாகிவிட்டார். பழைய திருவிழா நோட்டீஸ் ஏதும் இருக்கா என்று கேட்கத்தான் போனோம். பிள்ளைகள் ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டி, "பேப்பர் லாமா லோரி வந்தா போட்டுடலாம்னு வச்சிருக்கோம், பாருங்க" என்றார்கள்.

திறந்தால் மேலே எல்லாம் குஸ்தி! தாராசிங், கிங்காங் படம் போட்ட நோட்டீஸ், பத்திரிகையில் வெட்டி எடுத்த படங்கள். எங்களோடு வந்த அம்மா ஒருத்தர், "இவரு ராமாயணத்துல வந்த அனுமார் ஆச்சே!" என்று கும்பிட்டே விட்டார்.

அவரேதான். ஆனால் 1987-ல் ராமானந்த சாகரின் ராமாயணத் தொடரில் அனுமாராக வருவதற்கு 40 வருஷம் முன்னாடியே நம்ம பக்கம் வந்தவர். 1928-ல் பஞ்சாபில் பிறந்தவர், 1947-ல் சிங்கப்பூருக்கு வந்து டிரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கிரேட் வேர்ல்ட் அரங்கில் குஸ்தி பழகினார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார். கிங்காங் ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறியவர். 1970-ல் கார் விபத்துக்குப் பிறகு இறந்துபோனார். தாராசிங் 1968-ல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்றார். 2012-ல் மறைந்தார்.

உழைக்க வந்த ஒருவர் பேர் வாங்கியதால் நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு அவர் மேல் தனிப் பாசம். அந்தப் பெரியவரும் அப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறார். அமெரிக்காவில் பழைய குஸ்தி டிக்கெட், போஸ்டர், பெல்ட்டை எல்லாம் காசு கொடுத்து வாங்கிப் பாதுகாக்கிறார்கள். நம்ம வீட்டில் அது கிலோ கணக்கில் எடைக்குப் போகிறது.

குஸ்தி படங்களுக்கு அடியில்தான் நாங்கள் தேடியது கிடைத்தது. தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ், உபயக்காரர்கள் பேரோடு. இன்றைக்கு அந்தத் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. குஸ்தி மேல் அவருக்கு இருந்த ஆசைதான் கோயில் சரித்திரத்தையும் காப்பாற்றிக் கொடுத்தது. இன்னொரு வீட்டில் நாங்கள் போறதுக்கு முதல் நாளே லோரி வந்துட்டுப் போயிருச்சு. அந்தப் பெட்டியில் என்ன இருந்ததோ, அந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். வீடு சுத்தம் பண்ணும்போது பழைய பெட்டியை ஒரு தடவை முழுசாகப் பார்த்துட்டு அப்புறம் போடுங்க. கிழிந்த தாளுக்கு டேப் ஒட்டாதீங்க, லேமினேட் பண்ணாதீங்க. ராமபாணப் பூச்சி அரிக்காமல், ஈரம் படாமல் சுத்தமான உறையில் வையுங்க. யார் கொடுத்தது என்று உறை மேல் பென்சிலில் எழுதுங்க. வைக்க இடம் இல்லை என்றால் ஆலயத்துக்குக் கொண்டு வாங்க. குஸ்தி படம்தானே என்று கூச்சப்பட வேண்டாம்.

ஜெய் ஆஞ்சநேயா 🙏