சட்டத்தின் காலமும் மக்களின் காலமும்

புத்தளத்திலிருந்து வடக்கே, கலா ஓயாவையும் வில்பத்துக் காட்டையும் நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்தது வண்ணாத்திவில்லு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களுட் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். மன்னார்த் தீவினர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசமே கிடைத்தது. கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரிவுகளில் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. ஒரு சமூகம் உடைமை இழந்த இக்கதை பலரும் அறிந்ததே. அவ்வுடைமையை மீளக் கேட்கும் உரிமையும் நாள்தோறும் தேய்ந்துகொண்டிருந்தது என்பதோ பலர் அறியாதது.

இலங்கையின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் 1871ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பிறருக்குரிய காணியொன்றை, அவர் உரிமையை ஏற்காது, இடையூறின்றி 10 ஆண்டுகள் ஒருவர் ஆண்டுவருவாராயின் அக்காணி அவருக்கே உரித்தாகும் என்பது அதன் 3ஆம் பிரிவின் சாரம். விழித்திருப்போருக்கே சட்டம் துணைநிற்கும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். ஆயின், விழித்திருந்தும் வாசலை அணுக முடியாதவரின் நிலை யாது?

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சிலருக்கு விலக்களிக்கிறது. பராயமடையாதோர், சித்தசுவாதீனமற்றோர், கடல் கடந்து வாழ்வோர் ஆகியோருக்கு எதிராக அந்த 10 ஆண்டுகள் ஓடத் தொடங்குவதில்லை. கடல் கடந்தோருக்கான விலக்கு இங்கிலாந்தின் 1623ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே காணப்படுவது. வாணிபத்தின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ கப்பலேறிய உடைமையாளனின் துன்பத்தைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர். தன் சொந்த நாட்டினுள்ளேயே, சில மணி நேர எல்லையில், தன் வீட்டுக்குப் போக முடியாது முடங்கிய ஏழையை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. எந்த வர்க்கத்தின் அனுபவம் சட்டமாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வழக்கிட வேண்டியவரின் நிலை இதுவெனின், வழக்கிடப்பட்டவரின் நிலை மேலும் இரங்கத்தக்கது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி பிரதிவாதிக்கு அழைப்பாணை சேர்ப்பிக்கப்படல் வேண்டும். தபாலிலோ நேரிலோ சேர்ப்பிக்க இயலாதபோது, அவர் இறுதியாக வாழ்ந்த வீட்டின் கதவில் அதனை ஒட்டுவதற்கும் இடமுண்டு. கதவே பெயர்க்கப்பட்ட வீட்டில் ஒட்டப்படும் தாளை, புத்தளத்துக் கொட்டிலில் இருப்பவர் எங்ஙனம் வாசிப்பார்? அவர் வாராவிடின் ஒருதலைப்பட்சமாக விசாரணை நடக்கும், தீர்ப்பாணை பிறக்கும். அத்தீர்ப்பாணை சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் தக்க காரணங் காட்டினால் அதனை நீக்கலாம் என்கிறது கோவையின் 86ஆம் பிரிவு. ஆனால் சேர்ப்பித்தல் என்பதே முகவரியுள்ளவனை மனத்திற்கொண்ட ஏற்பாடு. முகவரி பறிக்கப்பட்டவனுக்கு அந்த 14 நாட்களும் பொருளற்றவையே.

இக்குறையைக் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையிற் சுட்டிக்காட்டியது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் அதன் பின்னரே வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கணக்கில் எடுக்கலாகாது என அது விதித்தது. வெளியேற்றம் நிகழ்ந்து அதற்குள் 26 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அன்றியும், சட்டம் நடைமுறைக்கு வந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டுமென்ற எல்லையும் இடப்பட்டது. காலக்கெடுவை நீட்டிய சட்டமே தனக்கொரு காலக்கெடுவைச் சூடிக்கொண்டது. ஆயுதமேந்திய பயங்கரவாதக் குழுவின் செயலாலே தடைப்பட்டோருக்கே அது பொருந்தும். இராணுவ முகாமின் வேலிக்கு வெளியே காத்திருந்தோரை அது கூறவில்லை.

ஆட்சேபமொன்றையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். அக்காணிகளில் இன்று வாழ்வோருட் பலர் தாமும் போரினால் ஊரிழந்த ஏழைகள். கால நீடிப்பு அவர்களை வீதிக்குத் தள்ளாதோ? கால நீடிப்பு எவருக்கும் காணியை எடுத்துக் கொடுப்பதில்லை; வழக்கைக் கேட்கும்படி மட்டுமே பணிக்கிறது. இருவருக்கும் நிலமும் நட்டஈடும் வழங்க வேண்டியது அரசின் கடமை. அக்கடமையை மறைத்து ஏழையை ஏழையுடன் மோதவிடுவோரிடத்திலேயே நம் எதிர்ப்புச் செல்லுதல் வேண்டும்.

அரசால் இது இயலாததொன்றுமன்று. கொவிட் நோய் 2020இல் நீதிமன்றங்களை மூடியபோது, அடுத்த ஆண்டே 17ஆம் இலக்கச் சட்டத்தின் வாயிலாக இலங்கைப் பாராளுமன்றம் காலக்கெடுக்களைத் தளர்த்தியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பெப்ரவரி 28 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. அனைவரும் வீட்டினுள் அடைபட்டபோது, வெளியேற இயலாமை தக்க காரணமென உடனே ஏற்கப்பட்டது. வீட்டை விட்டே துரத்தப்பட்டோருக்கு அதே நியாயம் கிட்டக் கால் நூற்றாண்டு சென்றது.

கால நீடிப்பு கருணையன்று. எல்லோருக்கும் நாட்கள் ஒருபடித்தாக ஓடுகின்றன என்ற பொய்யைத் திருத்தும் செயல். அத்திருத்தம் ஏட்டிலிருந்தாற் போதாது, உரியவரின் செவியை எட்டுதல் வேண்டும். ஊர்தோறும் உள்ள ஆசிரியரும் மாணவரும் காணி உறுதிகளை வாசித்துக் காட்டலாம். திகதிகளைக் கணக்கிட்டுச் சொல்லலாம். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு வழிகாட்டலாம். எழுத்தறிவு மக்களுக்கு ஆயுதமாவது இவ்வாறே.