நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை

தாத்தா கடைசி ஏழு வாரமும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். கணையத்தில் புற்றுநோய். "இனி செய்ய ஒன்னுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஹாஸ்பிஸ் அமைப்பு ஒன்றிலிருந்து ஒரு மிஸி வீட்டுக்கு வர ஆரம்பித்தார். முதல் நாள் சிறிய பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். உள்ளே கசப்பான தண்ணீர் மாதிரி ஒரு மருந்து. மார்ஃபின்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும் என்று சொன்னார். தலையை ஆட்டினோம். அவர் கார் தெருமுனையைத் தாண்டியதும் மாமா ஆரம்பித்தார். "வலிச்சா மட்டும் குடுப்போம். பழகிடுச்சுன்னா அப்புறம் ரொம்ப வலிக்கிறப்ப கேக்காது. அதோட, இதக் குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்கன்னு சொல்றாங்க." வீட்டில் படித்தவன் என்று என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கையிருப்பைச் சேமித்து அவசரத்துக்குப் பயன்படுத்துவதுதானே புத்திசாலித்தனம்?

தாத்தா நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றே பழகிய உடம்பு. வலிக்கிறது என்று அவர் வாயிலிருந்து வராது. கேட்டால், "இருக்கட்டும்யா" என்பார். மூன்று நாளில் அவருக்கு நான்கு தடவைதான் மருந்து போனது. மூன்றாம் நாள் வந்த மிஸி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தலையணை ஓரத்தில் கிடந்த துண்டைப் பார்த்தார். அதில் பல் பதிந்திருந்தது.

"தம்பி, வலி வந்த பிறகு குடுக்கிறதுக்கு இல்ல இது. வராம இருக்கிறதுக்கு" என்றார். ஒரு தாளில் கட்டம் போட்டு 6, 10, 2, 6, 10, 2 என்று எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துத் தாத்தா இரவு முழுக்கத் தூங்கினார்.

அவர் போன பிறகும் அந்தக் கட்டம் என்னை விடவில்லை. இந்த நான்கு மணி நேரத்தை முதலில் யார் கண்டுபிடித்தது? தேடிப் போனபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

ஹாஸ்பிஸ் என்ற சொல்லுக்கும் ஹாஸ்பிடல், ஹோட்டல் ஆகிய சொற்களுக்கும் லத்தீனில் ஒரே வேர். விருந்தினரை ஏற்பது என்ற பொருளிலிருந்து வந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் யாத்திரிகர்கள் தங்கும் மடங்களுக்குத்தான் அந்தப் பெயர் இருந்தது. சாகப்போகிறவர்களுக்கான இடம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது. அப்போது நன்கொடையில் நடந்த மருத்துவமனைகள் பல, குணமாக வாய்ப்பில்லாதவர்களைச் சேர்க்கத் தயங்கின. படுக்கை என்பது குணமாகிறவர்களுக்கு. மற்ற ஏழைகள் அநாதை விடுதிகளிலோ ஒண்டுக்குடித்தன அறைகளிலோ செத்தார்கள். 1842இல் பிரான்சின் லியோன் நகரில் ழான் கார்னியே என்ற விதவைப் பெண் இப்படிப்பட்டவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1879இல் டப்ளினிலும், 1905இல் கிழக்கு லண்டனின் ஹாக்னியிலும் ஐரிஷ் கன்னியாஸ்திரிகள் இல்லங்கள் திறந்தார்கள். 1893இல் லண்டனில் செயின்ட் லூக்ஸ் வந்தது. சாகும் ஏழைகளுக்கான இல்லம் என்று பெயரிலேயே வெளிப்படையாகப் போட்டிருந்தார்கள்.

அன்பும் சுத்தமான படுக்கையும் அங்கே கிடைத்தன. வலிக்கு என்ன செய்தார்கள்? கதை இங்கேதான் சிசிலி சாண்டர்ஸிடம் வருகிறது.

1918இல் பிறந்த வசதியான வீட்டுப் பெண். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தவர், உலகப் போர் வந்ததும் படிப்பை விட்டுவிட்டு நர்ஸ் பயிற்சிக்குப் போனார். முதுகுவலி அந்த வேலையில் நிற்கவிடவில்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளராக மாறினார். அப்போதுதான் டேவிட் தஸ்மாவைச் சந்தித்தார். வார்சாவிலிருந்து வந்த போலந்து யூதர். உணவகத்தில் வெயிட்டராக வேலை பார்த்தவர். சொந்தபந்தம் யாரும் பக்கத்தில் இல்லாமல் புற்றுநோயோடு வார்டில் கிடந்தார். இவரைப் போன்றவர்களுக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1948இல் இறந்துபோன தஸ்மா, அப்படி ஒரு வீடு வந்தால் அதில் தான் ஒரு சன்னலாக இருப்பேன் என்று சொல்லி 500 பவுண்டு விட்டுச் சென்றார்.

அதே வருடத்தில் சாண்டர்ஸ், செயின்ட் லூக்ஸ் இல்லத்துக்குத் தொண்டராகப் போக ஆரம்பித்தார். அங்கே ஒன்றைக் கவனித்தார். வலி வருமுன்பே, நேரம் பார்த்து, வாய்வழியாக மார்ஃபின் கொடுத்தார்கள். நோயாளிகள் விழித்திருந்தார்கள், பேசினார்கள். மற்ற மருத்துவமனைகளில் அப்படியில்லை. வலி தாங்காமல் கூப்பிட்டால்தான் ஊசி. அது வந்து வேலை செய்வதற்குள் நோயாளி துடித்துப்போவார். பிறகு மயங்கிக் கிடப்பார். விழித்ததும் மறுபடி துடிப்பு.

தொழிற்சாலையில் வேலை செய்கிற எனக்கு இது உடனே புரிந்தது. பேரிங் உடைந்த பிறகு ஓடுவது ஒரு வகைப் பராமரிப்பு. உடையுமுன்பே அட்டவணை போட்டு எண்ணெய் விடுவது இன்னொரு வகை. வாயால் குடித்த மார்ஃபின் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேலை செய்யும். அது தீருமுன்பே அடுத்ததைக் கொடுத்தால் வலி தலை தூக்காது. எதிர்பார்த்துப் பயப்படுகிற வேலையும் நோயாளிக்கு இல்லை. வேலையிடத்தில் தினமும் மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. வீட்டில் எனக்குத் தோன்றவில்லை.

இதை மாற்ற வேண்டும் என்று சாண்டர்ஸ் சொன்னபோது, நார்மன் பேரட் என்ற அறுவை மருத்துவர், நீ டாக்டராகாவிட்டால் யாரும் உன் பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்ற பொருளில் அறிவுரை சொன்னாராம். முப்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1957இல் டாக்டரானபோது நாற்பதை நெருங்கியிருந்தார். மறுவருடம் ஹாக்னி இல்லத்துக்குப் போய், நேரப்படி மருந்து கொடுக்கும் முறையை அங்கே கொண்டுவந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைக் குறித்துவைத்தார். சிலருடைய பேச்சை ஒலிநாடாவில் பதிவும் செய்தார். அடிமையாகிவிடுவார்கள், அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டிவரும் என்பவர்களுக்கு அந்தக் குறிப்புகள்தான் அவருடைய பதில். மாமாவின் பயம் புதிதல்ல. லண்டன் டாக்டர்களுக்கும் அதே பயம்தான்.

அந்தப் பதிவுகளைக் கேட்கக் கேட்க அவருக்கு இன்னொன்றும் தெரிந்தது. வலி எங்கே என்று கேட்டால், முதுகில் தொடங்குகிற பேச்சு கணவன், பிள்ளை, பணம், கடவுள் என்று போய் நின்றது. 1960களில் இதற்கு 'முழு வலி' என்று பெயர் வைத்தார். உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் சேர்ந்த வலி. மார்ஃபின் அதில் ஒரு பகுதிக்குத்தான் மருந்து. ஆனால் அந்தப் பகுதி அடங்காமல் மற்றதைப் பற்றி யாராலும் பேச முடியாது.

1967இல் தென்கிழக்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டஃபர்ஸ் திறந்தது. தஸ்மா இறந்து 19 வருடம். வாசல் பக்கத்தில் அவர் பெயரில் சன்னல் வைத்தார்கள். சிகிச்சை, பயிற்சி, ஆராய்ச்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடமாக அதை சாண்டர்ஸ் அமைத்தார். எனக்கு மிகவும் பிடித்த சம்பவமும் அங்கேதான் நடந்தது. மார்ஃபினைவிட ஹெராயின் நல்லது, கொக்கெய்னும் மதுவும் கலந்த கலவை இன்னும் நல்லது என்று அப்போது பலரும் நம்பினார்கள். 1970களில் ராபர்ட் டுவைகிராஸ் என்ற இளம் மருத்துவர் அங்கேயே சோதனை செய்து பார்த்தார். வாய்வழியாகக் கொடுக்கும்போது இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வெறும் மார்ஃபின் கரைசலே போதும் என்று ஆனது. எங்கள் வீட்டுப் பாட்டில் அவ்வளவு எளிமையாக இருந்ததற்கு அந்தச் சோதனைக்கும் பங்கு உண்டு.

பிறகு வேகமாகப் பரவியது. 1974இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தொடங்கினார்கள். 1975இல் மாண்ட்ரியலில் பால்ஃபர் மவுன்ட் தொடங்கினார். பிரெஞ்சு பேசுகிறவர்களின் காதில் ஹாஸ்பிஸ் என்றால் போக்கிடமில்லாதவர்களின் விடுதி என்று விழுந்ததால், அவர் 'பாலியேட்டிவ்' என்ற சொல்லை எடுத்தார். போர்வை என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 1986இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வழிமுறை வெளியிட்டபோது சொன்னவை: வாய்வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக. செயின்ட் லூக்ஸில் நடந்ததுதான் உலகத்துக்கே விதியானது.

*

நம் பக்கம் இதற்கு வேறு ஒரு முன்கதை உண்டு. சிங்கப்பூர் சைனாடவுனில் சேகோ லேன் என்ற சந்து. அங்கே 'சாவு வீடுகள்' இருந்தன. எட்டுக்குப் பத்து அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த சீனக் கூலிகள், அந்த அறையிலேயே செத்தால் மற்றவர்களுக்கு ஆகாது என்று, முடியாமல் போனதும் இங்கே வந்து படுத்துக்கொள்வார்கள். மேலே சாகக் காத்திருப்பவர்கள், கீழே இறுதிச் சடங்கு. சாவதற்கு ஓர் இடமாவது கிடைத்தது. வலியிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. 1961இல் அவை தடைசெய்யப்பட்டன. 1985இல் ஜூரோங்கில் கனோசியன் கன்னியாஸ்திரிகள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் 16 படுக்கைகளைச் சாகும் நிலையிலிருப்பவர்களுக்கு ஒதுக்கினார்கள். சிங்கப்பூரின் ஹாஸ்பிஸ் வரலாற்றை அங்கிருந்து தொடங்குகிறார்கள். மலேசியாவில் ஹாஸ்பிஸ் மலேசியா 1991இல் வந்தது. தாத்தா மாதிரி பலருக்கு ஹாஸ்பிஸ் ஒரு கட்டடம் இல்லை. வீட்டுக்கு வரும் ஒரு மிஸி, ஒரு பாட்டில், ஒரு போன் நம்பர்.

இந்தியாவைப் பற்றிப் படித்ததுதான் கோபம் வரவைத்தது. சட்டப்படி அபின் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு அது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் அங்கே மருத்துவ மார்ஃபின் பயன்பாடு சரிந்தது. லைசென்ஸ் வாங்கும் சிரமத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வைத்துக்கொள்வதையே விட்டன. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பு கேரளத்தில் நிலைமையை மாற்றியது. சட்டம் திருந்த 2014 ஆனது. மாமாவுக்கு இருந்த அதே பயத்தை அரசாங்கம் சட்டமாக எழுதிவைத்திருந்தது, அவ்வளவுதான். நாங்கள் மூன்று நாளில் திருந்தினோம்.

அந்த மூன்று நாளுக்கு என்னிடம் பதில் இல்லை. தாத்தா கோபப்படவும் இல்லை. தூங்கி எழுந்த காலையில் என்னைக் கூப்பிட்டு, தோட்டத்து வீட்டு வாசலில் இருந்த ரம்புத்தான் மரம் இன்னும் நிற்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அதற்கு முந்திய வாரம் முழுக்க அவர் எதையுமே கேட்டதில்லை. போய்ப் பார்த்தேன். மரம் இல்லை. நிற்கிறது என்று சொன்னேன்.

அவர் இறந்தது விடிகாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். 2 மணிக் கட்டத்தில் அம்மாவின் டிக் இருக்கிறது. 6 மணிக் கட்டம் காலி.

போன மாதம் மாமா போன் செய்தார். அவருடைய கூட்டாளியின் மனைவிக்கும் இப்போது வீட்டில் வைத்துத்தான் பார்க்கிறார்களாம். "வலிச்சா மட்டும் குடுக்கிறாங்கடா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நம்ம மிஸி எழுதுன அந்தக் கட்டம் இருக்குல்ல, அத ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு."

அளவை அவர்களுடைய மிஸியிடம்தான் கேட்க வேண்டும் என்று எழுதி, அனுப்பிவைத்தேன்.