கடைவீதியின் காணிக்கை



இந்த ஜூபிலி மலரைக் கையில் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது ஆயர் அவர்களின் வாழ்த்துச் செய்தியை. அடுத்துத் தேடுவது தங்கள் வீட்டுப் பிள்ளைகள் நிற்கும் குழுப்படத்தை. கடைசியில் வரும் விளம்பரப் பக்கங்களைப் படிப்பவர் மிகச் சிலரே. மளிகைக் கடை, பாத்திரக் கடை, மருந்துக் கடை, பந்தல் அமைப்பாளர், அச்சகம் என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் கீழே 'நல்வாழ்த்துக்களுடன்' என்ற ஒரே வாசகம். ஆனால் அச்சுக்கூலி போக இந்த மலரால் ஏழைப் பிள்ளைகளின் கல்வி நிதிக்கு ஏதேனும் மிஞ்சுமானால், அது அந்தப் பக்கங்களிலிருந்தே மிஞ்ச வேண்டும். அந்தக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் நம் கோயிலுக்குள் ஒரு முறையேனும் வந்தவர்கள் அல்லர். பங்கின் வரலாற்றை மற்றவர்கள் இம்மலரில் எழுதியிருப்பதால், யாரும் படிக்காத அந்தப் பக்கங்களின் வரலாற்றை நான் எழுதலாம் என்று எண்ணினேன்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அந்த வழியில் போகிறவர்கள் பரங்கிமலையைக் காணாமல் போக முடியாது. புனித தோமையாரின் மலைக்குப் படியேறிச் செல்லும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் படிகளை அமைத்துக் கொடுத்தவர் ஒரு வியாபாரி என்பது தெரியும்? கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனியர் அவர். மணிலா வரையில் வாணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டிச் சென்னையில் குடியேறியவர். மலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் அடையாற்றைக் கடக்கப் படும் பாட்டைக் கண்டு, 1726இல் சைதாப்பேட்டையில் தம் சொந்தச் செலவில் பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்பது அதன் பெயர். கட்டியதோடு நில்லாமல், அதைப் பழுதுபார்த்து வருவதற்கும் தனியே பணம் வைத்துப் போனார். 1751இல் இறந்த அவரை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். பழைய பாலம் போய், 1960களில் கட்டப்பட்ட மறைமலை அடிகள் பாலம் இப்போது அந்த இடத்தில் நிற்கிறது. படிகளில் மட்டும் இன்றும் மக்கள் ஏறுகிறார்கள்.

உஸ்கான் தாம் கட்டிய பாலத்துக்குக் கல்வெட்டும் வைத்தார். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று ஆண்டவர் போதித்திருக்க, இது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அவரைக் குறைகூற மாட்டேன். கோயில் பெஞ்சுகளில் உபயதாரர் பெயர் எழுத அனுமதித்த பாவம் எனக்கும் உண்டு. பராமரிப்புக்குப் பணம் வைத்துப் போனாரே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தர்மம் செய்யும் கைகள் பல இருந்தாலும், தாம் செய்த தர்மம் பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று நினைத்துப் பார்ப்பவர் சிலரே.

உஸ்கான் கொடுத்தது ஒரே ஒரு பெரிய கொடை. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுக்கும் வழக்கம் ஒன்றும் நம் தமிழ் வணிகரிடையே உண்டு. அதற்கு மகமை என்று பெயர். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நாம் 'அண்ணாச்சி கடை' என்று சொல்லும் மளிகைக் கடைகளைத் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலர் நடத்தி வருகிறார்கள். விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களின் பேட்டைகளில் அவர்களுடைய முன்னோர், விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை எடுத்து உறவின்முறையின் பொது நிதியில் சேர்த்தார்கள். லாபத்தில் பங்கு கேட்டால் கணக்கில் தகராறு வரும். மூட்டைக்கு இவ்வளவு என்றால் தகராறு இல்லை. மனமிருந்தால் கொடு, இல்லாவிட்டால் போ என்று விடாமல் வியாபாரத்தோடு சேர்த்துக் கட்டிய தர்மம் அது. கிணறு, கோயில், சாவடி, பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து எழுந்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அத்தகைய பொதுப்பணத்தில் நடந்த பள்ளி. வீடுதோறும் சமைக்குமுன் எடுத்துவைத்த பிடி அரிசியும் அதைத் தாங்கியது. அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர்தாம் காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய பள்ளி மதிய உணவும், ஊர்மக்களின் நன்கொடையும் அரசின் மானியமும் சேர்ந்தே நடந்தது.

மகமை தன் இனத்தாருக்கென்று ஏற்பட்டது. எல்லாருக்கும் பொதுவானதாகத் தொடங்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வழக்கத்தில் வளர்ந்த ஒருவர் தாம்பரத்தில் கடை வைத்த பிறகு, அந்தோனியார் திருநாளுக்கு ஒரு மூட்டை அரிசி கேட்டுப் போனால் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார். பக்கத்திலுள்ள பிரியாணிக் கடைப் பாயும் கொடுக்கிறார். நம்மவர்கள்தாம் சிலவேளை யோசிக்கிறோம்.

புனித சின்னப்பர் இதை வேறு விதமாகச் செய்தார். எருசலேமில் வறுமைப்பட்டிருந்த சகோதரர்களுக்காக அவர் ஊர் ஊராக நிதி திரட்டினார் அல்லவா? கொரிந்து மக்களுக்கு அவர் சொன்ன யோசனை, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்குத் தக்கபடி எடுத்துவைக்க வேண்டும் என்பதே. மகமையைக் கேள்விப்படாமலே மகமையைச் சொல்லியிருக்கிறார்! மக்கெதோனியாவின் சபைகள் தங்கள் ஏழ்மையிலும் தாராளமாய்க் கொடுத்தன என்று அவர் மெச்சுகிறார். அந்த மக்கெதோனியாவிலுள்ள பிலிப்பியில் அவருக்கு முதலில் வீட்டைத் திறந்துவிட்டவர் செந்நிறத் துணி விற்ற லீதியா என்னும் பெண்மணி. அவர் ஒரு ஜவுளி வியாபாரி என்பதைப் பிரசங்கங்களில் நாம் அதிகம் சொல்வதில்லை.

சேர்ந்த பணத்தைச் சின்னப்பர் தனியாகக் கொண்டுபோக விரும்பவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்தவர்களைத் தம்முடன் வரச் செய்தார். ஆண்டவர் முன் மட்டுமல்ல, மனிதர் முன்பும் தம்மேல் குற்றம் சொல்ல இடமிருக்கலாகாது என்று காரணமும் எழுதினார். இந்தப் பகுதியைக் குருமடத்தில் படித்தபோது நான் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு வேறோர் இடத்தில் கற்றுக்கொண்டேன்.

நான் குருவான புதிதில், உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில், நோயாளிகளின் மருத்துவ உதவிக்கென்று குலுக்கல் சீட்டு விற்றோம். இருபது ரசீதுப் புத்தகங்கள் கொடுத்தோம். பதினேழு திரும்பி வந்தன. மற்ற மூன்றும் எங்கே என்று அழுத்திக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. திருநாள் அவசரத்தில் கணக்கும் வாசிக்கப்படவில்லை. மறுவருடம் அதே கடைவீதிக்குப் போனேன். ஒரு மளிகைக் கடைக்காரர் எனக்கு ஸ்டூல் போட்டு, சோடா வரவழைத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சாமி, போன வருஷம் கொடுத்த பணத்திலே யாருக்கு வைத்தியம் நடந்தது?" என்னால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை. அவர் கோபப்படவில்லை, அந்த வருடம் பணமும் கொடுக்கவில்லை. அந்த வீதியில் எட்டுப் பத்துக் கடைகள் அப்படியே நின்றுவிட்டன. இழந்தது பணம் மட்டுமா? அடுத்த மழைக்காலத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மனைவிக்கு அறுவை சிகிச்சை என்று வந்தபோது, கேட்கப் போக எனக்கு வாசல் இல்லை.

கடைக்காரர் கேட்ட கேள்விக்கு நன்றாய்ப் பதில் சொன்ன ஒரு வசூலும் உண்டு. நம் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்கென்று அங்கே தொடங்கிய மருத்துவமனையை 1937இல் அரசு ஏற்றது. நான் பள்ளி மாணவனாயிருந்த நாட்களில் காசநோய் வில்லைகளை விற்கச் சொல்லி எங்களை அனுப்புவார்கள். கடைக்காரர்கள் வாங்கிக் கல்லாப்பெட்டியிலும் கணக்குப் புத்தகத்திலும் ஒட்டிக்கொள்வார்கள். டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்ற அஞ்சல் ஊழியரின் யோசனையில் 1904ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்குப் பிறந்தது இந்த வில்லை. நம் நாட்டில் 1950இலிருந்து காசநோய்ச் சங்கம் அதை வெளியிட்டது. சில காசு பெறும் காகிதத் துண்டு அது. ஆனால் வாங்கியவரின் கண்ணெதிரே அது ஒட்டியிருந்தது. தாம்பரத்துக் கடைக்காரருக்கோ பணம் எந்த நோய்க்குப் போகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை, அடுத்த ஸ்டேஷனிலேயே சானடோரியம் இருந்தது.

இப்போது பெரிய கம்பெனிகளுக்குச் சட்டமே வந்துவிட்டது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ளவை சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்லதுதான். ஆனால் நம் கடைவீதிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் நின்றபோது, எத்தனையோ சிறு கடைகளில் சரக்கு நனைந்து வீணாயிற்று. அவர்களும் பாலும் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களைக் கொடுக்கச் சொல்லிய சட்டம் எது?

இந்த மலரின் வரவு செலவுக் கணக்கு, அச்சகத்தின் ரசீதுடன், விழா முடிந்த மூன்றாம் ஞாயிறு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். விளம்பரம் தந்த ஒவ்வொரு கடைக்கும் அதன் நகலை நம் இளைஞர்கள் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கல்வி நிதியிலிருந்து எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டப்பட்டது என்பதும் அதில் இருக்கும். விளம்பரப் பக்கங்களில் ஒன்றில் கடையின் பெயர் இல்லாமல் 'ஒரு நலம் விரும்பி' என்று மட்டும் இருப்பதைக் காண்பீர்கள். முழுப் பக்கத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பெயர் வேண்டாம் என்றார். அவருக்கும் ஒரு நகல் போகும். அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.